கம்பி எல்லை தாண்டும் இடம்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அருணகிரிநாதர் ஊரில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் திருப்புகழையோ தேவாரத்தையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு அறக்கட்டளைக்காரர்கள் ஒரு நெட்வொர்க் பொறியாளனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப்போகும் பொருளும் இந்த மாவட்டத்துக்கு அந்நியமானதல்ல.

இங்கிருந்து வடகிழக்கே செய்யாறு சிப்காட்டில் தைவான் நாட்டு ஃபெங் டே குழுமத்தின் காலணி ஆலை இருக்கிறது. லோட்டஸ் ஃபுட்வேர் என்று பெயர். நம் ஊர்ப்பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப்போய்த் தைக்கும் நைக்கி காலணி, கடல் கடந்து போகிறது. அந்தக் குழுமத்துக்குச் சீனா, வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் ஆலைகள் உண்டு. அந்த நிறுவனத்தின் உள்விவரம் நமக்கு வேண்டாம். இப்படி நாலைந்து நாட்டில் கடை விரித்திருக்கும் எந்த நிறுவனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பு ஒரு நாட்டில், ஆர்டர் தருபவர் இன்னொரு நாட்டில், தையல் மூன்றாவது நாட்டில், சம்பளப் பட்டியல் எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில். இவற்றை இணைக்கிற கம்பி எந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

இத்தனை காலம் இந்தத் தொழிலில் இருந்து நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைவிலுள்ள டேட்டா சென்டர் கணினிகளை வாடகைக்குத் தருகிற கிளவுட் என்பதை முழுமையாகக் கட்டி ஆள எந்த அரசாலும் முடிவதில்லை. அதனால் அரசுகள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கம்பி நாட்டெல்லையைத் தாண்டுகிற இடம் அது. அங்கே யார் பெயரில் உரிமம் இருக்கிறது, என்ன உள்ளே தங்குகிறது, என்ன வெளியே போகிறது என்று கேட்கின்றன. பன்னாட்டு நிறுவனத்தின் நெட்வொர்க் வரைபடத்தில் பாதிக்கு மேல் அந்தக் கேள்விகளுக்கான பதில்தான். மீதிதான் பொறியியல்.

பொறியியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் பார்தியும் சிங்டெல்லும் போட்ட ஐ2ஐ கடலடிக் கம்பி ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லிநொடி, திரும்பி வர 16. இதற்குக் கீழே எந்த விஞ்ஞானியும் குறைக்க முடியாது. இங்கிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் குறைவு. போக வர இரண்டு மில்லிநொடி போதும். இயற்கை விதிக்கும் தாமதம் இவ்வளவுதான். மற்ற தாமதமெல்லாம் மனிதர்கள் விதிப்பது.

எல்லை தாண்ட இரண்டு வழி உண்டு. ஒன்று பொது இணையம். கார்த்திகை தீபத்தன்று கிரிவலப் பாதையில் நடப்பதுபோல. எல்லோருக்கும் இடம் உண்டு, எப்போது போய்ச் சேருவோம் என்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. இன்னொன்று வாடகைக்கு எடுக்கிற தனித்தடம், லீஸ்டு லைன். இவ்வளவு வேகம், இவ்வளவு தாமதம், அறுந்தால் இத்தனை மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுப்பார்கள். விலையும் அதற்கேற்ப இருக்கும். பழைய காலத்தில் பன்னாட்டு நிறுவனத்தின் கிளைகளெல்லாம் இந்தத் தனித்தடங்கள் வழியாகத் தலைமையகத்தோடு பேசின. கணினிகள் அங்கேதான் இருந்தன.

கிளவுட் வந்து அதைக் கலைத்துப்போட்டது. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பை மூன்று இடங்களில் டேட்டா சென்டர் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையில், 2022இல் ஐதராபாத்தில். கூகுள் 2017இல் மும்பையில். தலைமையகத்துக்குக் கம்பி இழுப்பதைவிட அருகிலுள்ள கிளவுட் வாசலுக்கு இழுப்பது மலிவு என்று ஆனது. கிளையில் ஒரு சிறிய பெட்டியை வைத்து, முக்கியமான போக்குவரத்தைத் தனித்தடத்திலும் மற்றதைப் பொது இணையத்திலும் பிரித்து அனுப்புகிற எஸ்டி-வேன் என்ற முறை பரவியது. இதற்குமேல் இன்னொரு சங்கதி. இந்தக் கிளவுட் நிறுவனங்கள் உலகைச் சுற்றித் தங்களுக்கென்று சொந்த முதுகெலும்புக் கம்பி வைத்திருக்கின்றன. சென்னையில் அவர்கள் வாசலில் நுழைந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளியே வரலாம். இடையில் நீங்கள் எந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தையும் நேரே பார்ப்பதில்லை. எல்லை தாண்டியது யார்? நீங்களா, கிளவுட் நிறுவனமா, அதற்குக் கம்பி கொடுத்த உரிமதாரரா? சட்டத்துறைக்காரரும் நெட்வொர்க்காரரும் ஒரே அறையில் உட்கார வேண்டி வருவது இந்த இடத்தில்தான்.

கட்டுப்பாடு மிகுந்த அந்நியச் சந்தை என்றதும் நம் ஆட்கள் சீனாவைச் சொல்வார்கள். அமெரிக்கரையோ ஜெர்மானியரையோ கேட்டுப்பாருங்கள், அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருக்கும். அது நியாயமும்கூட.

நமது கதை 1885இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம், தந்தி அமைத்து நடத்துகிற தனியுரிமை அரசுக்கே என்றது. பிறகு தொலைபேசி, செயற்கைக்கோள், இணையம் என எது வந்தாலும் அந்த ஒற்றை வரிக்குள் அடக்கிப் பார்த்தார்கள். 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறும்வரை, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு, அதுதான் ஆட்சி செய்தது. 1985இல் டெக்சஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியபோது அமெரிக்காவோடு நேரடி செயற்கைக்கோள் இணைப்பு கேட்டது. தட்டு ஆண்டெனாவை மாட்டுவண்டியில் கொண்டுபோன கதையை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். மாட்டுவண்டி எளிதான பகுதி. ஒரு தனியார் நிறுவனம் நாட்டின் எல்லைக்கு அப்பால் நேரே தரவு அனுப்பலாம் என்பதற்கு அனுமதி வாங்கியதுதான் கடினமான பகுதி.

1991இல் எஸ்டிபிஐ என்ற மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு வந்து, மென்பொருள் ஏற்றுமதி செய்பவர்களுக்கு அரசே செயற்கைக்கோள் இணைப்பை ஏற்பாடு செய்து கொடுத்தது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் வழியாக வந்தது. 1998இல் தனியார் இணைய நிறுவனங்களுக்கு வழி விட்டார்கள். அவற்றுக்கான உரிமத்தில் ஒரு நிபந்தனை: 40 பிட்டுக்கு மேல் வலுவான மறைகுறியீட்டை அனுமதி இல்லாமல் பயன்படுத்தக்கூடாது. அதே நாட்டில் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்கு 128 பிட் வேண்டும் என்றது. ஒரு துறையின் சொல்லைக் கேட்டால் இன்னொரு துறைக்குக் குற்றவாளி. இரண்டுக்கும் நடுவே வங்கிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

விஎஸ்என்எல்லின் பன்னாட்டு அழைப்புத் தனியுரிமை 2002 ஏப்ரல் 1 அன்று முடிந்தது. அதற்கு முந்தைய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமத்துப் பக்கம் மஞ்சள் பலகை எஸ்டிடி பூத்துகளில் வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அமெரிக்காவுக்கு நிமிடத்துக்கு அறுபது ரூபாயை ஒட்டிக் கட்டணம். மீட்டர் ஓடுகிற வேகத்தில் பேச்சை முடித்துவிடுவார்கள். அந்தக் கட்டணத்தைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்த ஒரு விதி, கட்டணம் பெரிதும் இறங்கிய பிறகும் பல ஆண்டுகள் பன்னாட்டு நிறுவனங்களின் நெட்வொர்க்கை வடிவமைத்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டோல் பைபாஸ் என்பார்கள். அமெரிக்காவில் ஒருவர் பேசுகிறார். அவர் குரலை அங்கேயே தரவாக மாற்றி, நிறுவனத்தின் தனித்தடத்தில் சென்னை அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறோம். அங்கே கால் சென்டர் பெண் எடுத்துப் பதில் சொல்கிறார். இது சரி. அதே குரலைச் சென்னை அலுவலகத்து எக்ஸ்சேஞ்ச் வழியாக ஊர்த் தொலைபேசிக்கு மாற்றிப் போளூரில் ஒரு வீட்டில் மணி அடிக்க வைத்தால் குற்றம். உரிமம் வைத்திருக்கிற நிறுவனத்துக்குச் சேர வேண்டிய வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் ஏய்க்கப்பட்டுவிட்டது. நாட்டுக்குள்ளேயும் அப்படித்தான். சென்னைக் கிளையிலிருந்து நிறுவனக் கம்பியில் பெங்களூர்க் கிளைக்குப் பேசலாம். அங்கிருந்து பெங்களூர் வாடிக்கையாளர் வீட்டுக்கு அழைப்பைத் தாண்டவிடக்கூடாது.

காகிதத்தில் எளிது. இணையத் தொலைபேசி வந்த பிறகு இரண்டு வகை அழைப்பும் ஒரே பெட்டிக்குள்ளேதான் ஓடுகின்றன. அவை கலக்கவே முடியாது என்று நிரூபிக்க வேண்டும். அதனால் ஒரே மேசையில் இரண்டு தொலைபேசி வைத்த அலுவலகங்கள் உண்டு: ஒன்று வெளியூருக்கு, ஒன்று உள்ளூருக்கு. ஒரே தளத்தில் இரண்டு இபிஏபிஎக்ஸ், அதாவது இரண்டு அலுவலக எக்ஸ்சேஞ்ச். நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் உள்நாட்டு வாடிக்கையாளர் பிரிவுக்கும் வெளிநாட்டுப் பிரிவுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு போட்டு, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி ரேக் வைத்திருந்தார்கள். தலைமையகத்திலிருந்து வந்த கட்டமைப்பாளர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இதில் எது கோளாறுக்கான மாற்று ஏற்பாடு என்று கேட்டார். இரண்டுமே இல்லை, இது அரசுக்கான ஏற்பாடு என்று சொல்ல வேண்டியிருந்தது. சிஸ்கோ நிறுவனம் தன் தொலைபேசி மென்பொருளில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்ற வசதியையே இந்திய விதியை மனத்தில் வைத்துச் சேர்த்தது. எந்தக் கருவி எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதிவைத்து, எந்த அழைப்பு எந்த அழைப்போடு சேரலாம், சேரக்கூடாது என்று அட்டவணை போடுகிற வசதி. உலகெங்கும் விற்கிற மென்பொருளுக்குள் நம் தொலைத்தொடர்புத் துறையின் கையெழுத்து இருக்கிறது என்று பெருமைப்பட விரும்புகிறவர்கள் பட்டுக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட மையங்களுக்கு அரசு வைத்த பெயர் ஓஎஸ்பி, 'பிற சேவை வழங்குநர்'. 1999 தொலைத்தொடர்புக் கொள்கையில் வந்த வகைப்பாடு. கால் சென்டர் மட்டுமல்ல, மருத்துவக் குறிப்பு தட்டெழுதுகிறவர்கள் முதல் அலுவலகப் பின்வேலை செய்கிறவர்கள்வரை பதிவு செய்ய வேண்டும். 2008 நிபந்தனைகளில் வீட்டிலிருந்து வேலை செய்யவும் இடம் இருந்தது. அதற்கு ஒரு கோடி ரூபாய்வரை வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். உரிமம் பெற்றவரிடமிருந்து எடுத்த விபிஎன் என்ற பாதுகாப்பான தனியிணைப்பு வேண்டும். வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டும். யார் செய்வார்கள்? அந்த வசதி புத்தகத்திலேயே கிடந்தது.

2020 மார்ச் 13 அன்று தொலைத்தொடர்புத் துறை அந்த உத்தரவாதத்தைத் தற்காலிகமாக விலக்கியது. பதினைந்து நாளுக்குள் பெருந்தொற்றால் நாடே பூட்டப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களிலிருந்து மேசைக் கணினிகளை வேனில் ஏற்றி ஊழியர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆரணியிலும் செங்கத்திலும் மொட்டைமாடியில் உட்கார்ந்து லண்டன் வங்கிக்கு வேலை பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். பல ஆண்டுகளாக ஆபத்து என்று சொல்லப்பட்டது நடந்தேவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. தற்காலிக விலக்கை நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2020 நவம்பர் 5 அன்று வந்த புதிய நெறிமுறை பதிவையும் வங்கி உத்தரவாதத்தையும் எடுத்துவிட்டது; தரவு வேலை மட்டும் செய்பவர்களை வளையத்திலிருந்தே விலக்கியது. 2021 ஜூன் 23 அன்று இன்னொரு படி இறங்கினார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு மையம் என்ற பிரிவு போனது. எக்ஸ்சேஞ்ச் உலகில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், அழைப்பு விவரப் பதிவுகளின் நகல் மட்டும் இந்தியாவில் இருக்க வேண்டும் என்றார்கள். டோல் பைபாஸ் இன்றும் குற்றம்தான். ஆனால் அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு வேலை போய்விட்டது.

பெருந்தொற்று வராமல் இருந்திருந்தால் இந்த விதி எப்போது தளர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தொழில்துறை எழுதிய மனுக்களால் நகராத விதி அது.

கம்பியில் பிடி தளர்ந்த அதே காலத்தில் தரவில் பிடி இறுகியது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சிறிய சுற்றறிக்கை விட்டது. பணப் பரிவர்த்தனை தொடர்பான முழுத் தரவும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும். ஆறு மாத அவகாசம். மாஸ்டர்கார்டு, விசா, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்றவை உலகம் முழுதுக்கும் சில மையங்களில் கணக்கு முடிப்பவை. மோசடியைக் கண்டுபிடிக்கிற மென்பொருளும் அங்கேதான் இருக்கிறது. பாரிஸில் தேய்த்த அட்டை ஐந்து நிமிடத்தில் திருவண்ணாமலையில் தேய்க்கப்பட்டால் சந்தேகப்பட வேண்டும். அதற்கு இரண்டு ஊர்த் தரவும் ஒரே இடத்தில் சேர வேண்டும். அப்படியானால் வெளிநாட்டில் கணக்கிட்டுப் பார்க்கவாவது விடுவார்களா? இதற்குத் தெளிவான பதில் 2019 ஜூன் மாதக் கேள்வி பதில் குறிப்பில்தான் வந்தது. கணக்கிடலாம், ஆனால் ஒரு வேலைநாளுக்குள் அல்லது 24 மணி நேரத்துக்குள், எது முதலோ அதற்குள், அங்கே அழித்து இங்கே கொண்டுவர வேண்டும். கெடு முடிந்து எட்டு மாதம் கழித்து வந்த விளக்கம் இது.

அதன் பிறகு ரிசர்வ் வங்கி தயங்கவில்லை. 2021 மே 1 முதல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் டைனர்ஸ் கிளப்பும் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கக்கூடாது என்றது. ஜூலை 22 முதல் மாஸ்டர்கார்டுக்கும் அதே தடை. டைனர்ஸுக்கு அந்த ஆண்டு நவம்பரிலும், மாஸ்டர்கார்டுக்கு 2022 ஜூனிலும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு ஆகஸ்டிலும் தடை நீங்கியது. அதற்குள் பல வங்கிகள் விசாவுக்கும் நம் ரூபேக்கும் மாறியிருந்தன.

இதில் என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. இந்தியப் பணத்தின் தடயம் இந்திய அதிகாரியின் கைக்கு எட்ட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஒரு விசாரணைக்காக அயல்நாட்டு நீதிமன்றப் படி ஏறி மாதக்கணக்கில் காத்திருக்க எந்த நாடு சம்மதிக்கும்? என் குறை வேறு. கண்டிப்பு நெட்வொர்க்காரனுக்குப் பெரிய தொல்லை அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் செய்துவிடுவான். தெளிவில்லாமல் விடப்பட்ட மாதங்கள்தான் செலவு. அந்த மாதங்களில் பெரிய நிறுவனம் இரண்டு வடிவமும் கட்டி வைக்கும். சிறிய நிறுவனம் ஆலோசகருக்குப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். கட்டுப்பாடு பெரியவர்களை அடக்கும் என்று நினைக்கிறோம். பல நேரம் அவர்களைச் சுற்றி அகழி வெட்டிக் கொடுக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழும்பி நிற்கும் டேட்டா சென்டர்களுக்கு இந்த விதிகளும் ஒரு காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தரவு இங்கே தங்கினால் மின்சாரம், குளிரூட்டல், பராமரிப்பு வேலை எல்லாம் இங்கே தங்கும்.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற கணினி அவசரகால அமைப்பு ஓர் ஆணை வெளியிட்டது. இணையத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். லாக் பதிவுகள் 180 நாள் இந்திய ஆளுகைக்குள் இருக்க வேண்டும். விபிஎன் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போயின. நிறுவனங்களின் உள்வழி விபிஎன்னுக்கு இந்த விதி பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் கொடுத்தார்கள். நல்லது, ஓராண்டு காக்க வைக்கவில்லை. எனக்குப் பிடித்த விதி கடிகாரம் பற்றியது. சர்வர்களின் நேரம் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரத்தோடோ தேசியத் தகவல் மையத்தின் கடிகாரத்தோடோ ஒத்திருக்க வேண்டும். பல நாட்டில் இயங்குபவர்கள் வேறு கடிகாரம் வைக்கலாம், விலகல் இருக்கக்கூடாது. கேட்கும்போது அதிகாரத்தின் ஆசை மாதிரி இருக்கும். பத்து நாட்டு லாக்குகளை அடுக்கி, திருடன் எந்த வாசலில் முதலில் நுழைந்தான் என்று தேடிப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும்.

இப்போது சீனாவுக்கு வருகிறேன். அங்கே எல்லை தாண்டும் தனித்தடத்தை மூன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்துதான் எடுக்க முடியும். 2017 ஜனவரியில் அனுமதியற்ற எல்லை தாண்டிய விபிஎன்களை ஒழுங்குபடுத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம். அமேசான் கிளவுட் அங்கே உண்டு. பெய்ஜிங்கில் அதை நடத்துவது சின்னெட் என்ற சீன நிறுவனம், நிங்சியாவில் இன்னொரு சீன நிறுவனம். மைக்ரோசாஃப்ட் கிளவுடை நடத்துவது 21வியாநெட். பெயர்ப்பலகை அமெரிக்காவுடையது, உரிமம் சீனருடையது. உலகக் கணக்கை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நுழைய முடியாது; தனிக் கணக்கு, தனி ஒப்பந்தம், தனிக் கட்டணச்சீட்டு. ஆகவே பன்னாட்டு நிறுவனத்தின் நெட்வொர்க் வரைபடத்தில் உலகம் ஒரு பக்கமும் சீனா ஒரு பக்கமுமாக இருக்கும்; நடுவே உரிமம் பெற்ற ஒரே ஒரு மெல்லிய கோடு, பெரும்பாலும் ஹாங்காங் வழியாக. அந்தக் கோட்டின் இரு முனையையும் இரவில் கண்காணிப்பவர் சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்திருப்பார். நமது பிள்ளைகள் பலருக்குச் சீனாவின் தொலைத்தொடர்பு விதி இந்திய விதியைவிட நன்றாகத் தெரியும்.

தமிழன் இந்த நிலையில் நிற்பது முதல்முறை அல்ல. சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. மங்கோலியக் கானின் ஆணை பெற்று, அவர் உடல்நலனுக்காக அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததாகத் தமிழில் சொல்கிறது. கடைசி வரி சீன எழுத்தில். கடல் வாணிகத்துக்கென்று தனி அலுவலகம் வைத்து, வருகிற கப்பலையெல்லாம் பதிவு செய்து சோதித்த துறைமுகம் அது. வாணிகன் தன் சாமியையும் கொண்டுபோனான், கானின் ஆணையையும் கல்லில் வெட்டிவைத்தான்.

இன்றைய வாணிகர் கதையும் ஒன்று. சென்னையில் தொடங்கித் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறைவரை அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான், சவுதி அரேபியா, சீனா என்று வெவ்வேறு இடங்களில் தனித்தனி டேட்டா சென்டர் வைத்திருக்கிறது. சீன வாடிக்கையாளருக்குத் தனி முகவரி, தனிச் சேமிப்பு. நம் ரிசர்வ் வங்கி மாஸ்டர்கார்டிடம் கேட்டதையே ஒவ்வொரு நாடும் தமிழ்நாட்டு நிறுவனத்திடம் கேட்கிறது. வெளியே போகும்போது விதி வேண்டாம், உள்ளே வரும்போது வேண்டும் என்று நம்மால் பேச முடியாது. 2023இல் நிறைவேறி, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு நடுவழியில் போகிறது: தரவு வெளிநாடு போகலாம், அரசு தடுக்கிற நாடுகளைத் தவிர. அந்தத் தடைப் பட்டியல் எவ்வளவு நீளும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முடிக்கும் முன் வானத்துக்குப் போய் வருவோம். நம் ஊருக்கு வரும் வெளிநாட்டவருக்குத் தங்கும் விடுதிக்காரர்கள் ஒன்றைச் சொல்லிவைப்பது நல்லது: அனுமதியில்லாத செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம். மலையேறுபவர்கள் பையில் வைத்திருக்கும் சிறிய செயற்கைக்கோள் கருவிக்காகவே விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு. காரணம் நான் முதலில் சொன்னதுதான். அந்தக் கருவி பேசும்போது எல்லை தாண்டும் இடம் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே நிற்க எந்த அதிகாரியாலும் முடியாது. 2021 நவம்பரில் உரிமம் இல்லாமல் முன்பதிவு வாங்கிய ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய நிறுவனத்தை அரசு தடுத்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. 2025 ஜூனில் உரிமம் கொடுத்தது. நிபந்தனை: இந்தியாவிலிருந்து போகும் போக்குவரத்து இந்திய மண்ணில் உள்ள தரைநிலையத்தின் வழியாகவே போக வேண்டும்.

ஜவ்வாது மலையில் சிக்னல் எட்டாத கிராமங்கள் உங்களுக்குத் தெரியும். நாளை ஜமுனாமரத்தூரில் ஒரு கூரை மேல் ஸ்டார்லிங்கின் தட்டு ஆண்டெனா வந்தால், அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு செய்தியும் சுமார் 550 கிலோமீட்டர் மேலே போய், இந்தியத் தரைநிலையத்தில் இறங்கி, சோதனைக்கு வாசல் திறந்து வைத்த ஒரு ரவுட்டரைத் தாண்டித்தான் உலகத்துக்குப் போகும். அந்த ரவுட்டரை வடிவமைப்பதும், அதன் விதியை எழுதுவதும், அந்த விதி மலைக்காரருக்குச் செலவாக விழுகிறதா என்று கணக்குப் பார்ப்பதும் மூன்று வேறு வேலைகள். முதல் வேலைக்கு இந்த மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். மற்ற இரண்டுக்கும் மாணவர்கள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இந்த அறக்கட்டளை மேடையில் கேட்டுக்கொள்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் கலந்தாய்வுத் தாள்களை இணையத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். அடுத்த தாள் வரும்போது திருவண்ணாமலையிலிருந்தும் ஒன்றிரண்டு கடிதம் போகட்டும்.